டைம் என்ற ஒரே சொல்: மாண்டரின் பேசும் மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துச் சொல்வது?

கேள்வி: மாலைவகுப்பு

வணக்கம். மாண்டரின் பேசும் பெரியவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் நடுத்தர நிலையைத் தாண்டியவர்கள். செய்தித்தாள் வாசிப்பார்கள், அலுவலக மின்னஞ்சல் எழுதுவார்கள். ஆனால் டைம் என்ற சொல் வந்தால் மட்டும் ஆளாளுக்கு ஒரு பிழை. கட்டுரைகளில் இருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன்:

ஹவ் லாங் டைம் டஸ் இட் டேக்?
ஐ டோன்ட் ஹேவ் எ டைம் டு ரீட்.
ஐ ரெட் த்ரீ டைம்ஸ் திஸ் புக்.
இட் ஸ்பென்ட் மீ டூ அவர்ஸ்.
ஃபார் த ஃபர்ஸ்ட் டைம் ஐ சா ஹிம், ஐ தாட் ஹீ வாஸ் எ டாக்டர்.
எவ்ரி டைம் வென் ஐ கோ தேர், இட் ரெய்ன்ஸ்.
இன் மாடர்ன் டைம், பீப்பிள் ஆர் பிஸி.
அவர் சேல்ஸ் இன்க்ரீஸ்ட் ஒன் டைம்.

அகராதியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக வாசித்துக் காட்டினால் தலையாட்டுகிறார்கள். அடுத்த வகுப்பில் அதே பிழை திரும்பி வருகிறது. எனக்கு மாண்டரின் ஓரளவு தெரியும், அதனால் சீன உதாரணம் சொன்னாலும் புரியும். எங்கிருந்து தொடங்குவது? இந்த ஒரு சொல்லுக்கு முழு வகுப்பு ஒதுக்கலாமா?

பதில் 1: ஈப்போ ட்யூஷன்

தாராளமாக ஒதுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் தங்கள் மொழித் தொகுப்பை அலசி 2006இல் வெளியிட்ட பட்டியலில், ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் முதலிடம் டைமுக்குத்தான். பர்சன், இயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். இவ்வளவு புழங்கும் சொல்லில் பிழை இருந்தால் பத்தி முழுக்கத் தெரியும்.

தொடங்க வேண்டிய இடம் ஆங்கில அகராதி இல்லை, மாணவர் மனதில் முதலில் எழும் சீனச் சொல். ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு அடைத்ததை மாண்டரின் தனித்தனிச் சொல்லாக வைத்திருக்கிறது. (உச்சரிப்பைத் தமிழில் ஏறக்குறையத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஷிஜியன் என்றால் நேரம். ட்ஸ் என்றால் தடவை. பெய் என்றால் மடங்கு. தியென் என்றால் கடிகாரத்து மணி. ஷிதாய் என்றால் காலம், யுகம். ‘... த ஷிஹோவ்’ என்று வாக்கியத் துணுக்கின் கடைசியில் ஒட்டிக்கொள்வது நம்முடைய ‘போது’.

பாருங்கள், தமிழும் ஏறக்குறைய இதே மாதிரிதான் பிரித்து வைத்திருக்கிறது. நேரம், தடவை, மடங்கு, மணி, காலம், போது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு டைம் எல்லாம் ஒன்றாகத் தெரியும். மாணவர் ஏன் குழம்புகிறார் என்று அவர் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் ஆசிரியருக்கு அந்தப் பிரிவு நாக்கிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் எஸ் போடுவதா இல்லையா என்ற சிக்கல். சீனத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பொதுவாகப் பன்மை விகுதி கிடையாது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ஓர் அளவுச்சொல் வரும். இந்த அளவுச்சொல்லை வைத்தே விதி சொல்லலாம். ‘சான் ட்ஸ்’, ‘சான் பெய்’ என்று எண் நேராக ஒட்டினால் ஆங்கிலத்தில் எஸ் உண்டு: த்ரீ டைம்ஸ். ஷிஜியனோடு எண் நேராக ஒட்டாது. ‘யி துவான் ஷிஜியன்’ என்று நடுவே துவான் வரும், ‘யி தியென் ஷிஜியன்’ என்று கொஞ்சம் என்ற பொருளில் வரும். அப்படி நடுவே ஒரு சொல் தேவைப்பட்டால் எஸ் இல்லை: சம் டைம், எ லிட்டில் டைம். மாணவர் தன் மொழியிலேயே சோதித்துப் பார்க்க முடிகிற விதி என்பதால் நிற்கிறது. ஷிதாய் மட்டும் விலக்கு. காலம், யுகம் என்ற பொருளில் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலம் எஸ் கேட்கும்: மாடர்ன் டைம்ஸ், ஏன்ஷியன்ட் டைம்ஸ், ஹார்ட் டைம்ஸ். உங்கள் ‘இன் மாடர்ன் டைம்’ அங்கேதான் விழுந்திருக்கிறது.

எண் ஒன்று, இரண்டு என்றால் இன்னொரு படி இருக்கிறது. யி ட்ஸ் என்பது ஒன்ஸ், லியாங் ட்ஸ் என்பது ட்வைஸ். மூன்றில் இருந்துதான் டைம்ஸ். ‘டூ டைம்ஸ்’ பேச்சில் காதில் விழும், ஆனால் எழுத்தில் ட்வைஸ் என்றே பழக்குங்கள்.

அடுத்து ‘ஹவ் லாங் டைம்’. இது ‘துவோ சாங் ஷிஜியன்’ என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. துவோ என்றால் ஹவ், சாங் என்றால் லாங், ஷிஜியன் என்றால் டைம். மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டார்கள். ஹவ் லாங்குக்குள்ளேயே டைம் அடங்கிவிட்டது என்று ஒரு தடவை சொன்னால் போதாது. பலகையில் வாக்கியத்தை எழுதி டைமை அடித்துக் காட்ட வேண்டும். இதோடு சேர்ந்து இன்னொன்றும் வரும். சீனத்தில் ‘துவோஷாவ்’ என்ற ஒரே கேள்விச் சொல் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் பொது. ஆகவே ‘ஹவ் மெனி டைம் டு யூ நீட்’ என்று எழுதுவார்கள். துவோஷாவ் ஷிஜியன் என்றால் ஹவ் மச் டைம், துவோஷாவ் ட்ஸ் என்றால் ஹவ் மெனி டைம்ஸ். நமக்கும் ‘எவ்வளவு நேரம்’, ‘எத்தனை தடவை’ என்று இரண்டு சொல் இருப்பதால் நம் காதுக்கு இந்தப் பிழை உடனே உறுத்தும். அவர்கள் காதுக்கு உறுத்தாது.

‘எ டைம்’ பற்றி. கையிருப்பாக நினைக்கும்போது எ வராது: ஐ ஹேவ் டைம், ஐ ஹேவ் நோ டைம், ஃப்ரீ டைம், இனஃப் டைம். தொடங்கி முடிகிற ஒரு பொழுதாக நினைத்து, அது எப்படிக் கழிந்தது, எவ்வளவு நீளம் என்று சொல்லும்போது எ வரும்: எ லாங் டைம், எ குட் டைம், எ ஹார்ட் டைம். ‘எ குட் டைம்’ சீன மாணவர்களிடம் தானாக வராது. அவர்கள் மொழியில் ‘வான் த ஹென் காய்ஷின்’, அதாவது மகிழ்ச்சியாக விளையாடினோம் என்பார்கள். அதனால் முப்பது வயதுக்காரரும் ‘வீ ப்ளேட் வெரி ஹேப்பி’ என்று எழுதுவார். ‘வீ ஹேட் எ குட் டைம்’ என்பதை ஒரே துண்டாக மனப்பாடம் செய்ய வையுங்கள்.

இன்னொரு சின்னப் பொறி: ‘டு யூ ஹேவ் டைம்’ என்றால் ஓய்வாக இருக்கிறீர்களா. ‘டு யூ ஹேவ் த டைம்’ என்றால் மணி என்ன. த என்ற ஒற்றைச் சொல்லில் கேள்வியே மாறிவிடுகிறது. சீனத்தில் இந்த எ, த இரண்டுமே கிடையாது என்பதால் இந்த இடத்தில் மெதுவாகப் போங்கள்.

‘இட் ஸ்பென்ட் மீ’ வருவது ஹுவா என்ற வினையால். பணம் செலவானாலும் நேரம் செலவானாலும் சீனத்தில் ஹுவா. எழுவாய் ஆளாகவும் இருக்கலாம், வேலையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஆள் என்றால் ஸ்பென்ட், வேலை என்றால் டுக்: ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் க்ளீனிங். இட் டுக் மீ டூ அவர்ஸ் டு க்ளீன். ஸ்பென்டுக்குப் பின் இங் வடிவம், டேக்குக்குப் பின் டு வடிவம். இரண்டு வாக்கியத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினால்தான் இந்த வேறுபாடு கண்ணில் படும்.

பதில் 2: எழுத்தும்ஒலியும்

மேலே சொன்னதில் ட்ஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சீனத்தில் தடவையை எண்ண ட்ஸ் மட்டும் இல்லை. தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரு முறை என்றால் பியென். புத்தகம், பாட்டு, படம் எல்லாம் பியெனில் எண்ணலாம். போய்த் திரும்புவதை எண்ண தாங். தாங் என்பது அச்சு அசல் நம்முடைய ‘நடை’: கடைக்கு ரெண்டு நடை போயிட்டு வந்தேன் என்கிறோமே, அதேதான். இவை மூன்றும் ஆங்கிலத்தில் டைம்ஸ் ஆகிவிடும். ஆனால் பியென் என்றால் ‘ஐ ரெட் இட் த்ரூ ட்வைஸ்’ என்றும், தாங் என்றால் ‘ஐ மேட் டூ ட்ரிப்ஸ்’ என்றும் சொல்லக் கற்றுக்கொடுத்தால், மாணவர் தன் மொழியில் வைத்திருக்கிற நுணுக்கம் கை நழுவாது.

சொல் வரிசையும் கவனிக்க வேண்டியது. சீனத்தில் தடவை வினையை ஒட்டி வரும், செயப்படுபொருள் அதற்குப் பின்னால் போகலாம்: ‘கான் லஅ சான் பியென் ஜெ பென் ஷு’. அதே வரிசையில்தான் ‘ரெட் த்ரீ டைம்ஸ் திஸ் புக்’ வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் பொருள் முதலில், தடவை கடைசியில்: ஐ ரெட் திஸ் புக் த்ரீ டைம்ஸ். தமிழ் வழியாக விளக்கப் போகாதீர்கள். நாம் தடவையை வினைக்கு முன்னால் வைப்பவர்கள், அது மூன்றாவது வரிசை.

இனி ஒலி. தமிழ் ஆசிரியர்கள் நிச்சயம் கவனிக்க வேண்டிய விஷயம் இது. நாம் டைம் என்று சொல்லும்போது ட-வில் மூச்சு வெளியே வராது. மாண்டரினில் த, ட வகை ஒலிகளைப் பிரிப்பது குரல் அதிர்வு இல்லை, மூச்சுதான். மூச்சு இல்லாவிட்டால் அவர்கள் காதில் அது ஆங்கில D எழுத்தின் ஒலி, T இல்லை. ஆக நாம் டைம் என்கிறோம், அவர்கள் காதில் அது அமெரிக்காவில் பத்து சென்ட் நாணயத்துக்குச் சொல்கிற டைம் (dime) என்று விழுகிறது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது என்பதே சிக்கல் எங்கே என்று காட்டிவிடும்.

சரிசெய்ய: டிஷ்யூத் தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, உதட்டுக்கு முன்னால் நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்க விடுங்கள். டைம் என்றதும் தாள் பறக்க வேண்டும். நாக்கு நுனியை மேலண்ணத்துக்கு மடிக்காமல், மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள ஈறு மேட்டில் வையுங்கள். மாணவருக்கு இந்த ஒலி சிரமம் இல்லை, அவர் மொழியில் இருக்கிறது. பயிற்சி நமக்குத்தான்.

மாணவருக்குச் சிரமம் கடைசி ம்-இல். மூக்கொலிகளில் ன், ங் இரண்டில்தான் மாண்டரின் அசை முடியும், ம்-இல் முடியாது. அதனால் ஒன்று ‘டைன்’ போல ஒலிக்கும், இல்லாவிட்டால் ‘டைமு’ என்று ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். உதட்டை மூடி, ஒரு நொடி மூடியபடியே முனக வையுங்கள். உதட்டைத் திறந்தால்தான் உகரம் வரும், திறக்காவிட்டால் வராது. பிறகு உதட்டைத் திறக்கும் அதே நொடியில் கடைசி ஒலியைச் சேர்த்தால் டைம்ஸ். எழுத்தில் அது எஸ், ஒலியில் குரல் அதிரும் இசட் (z). ‘த்ரீ டைம்’ என்று எழுதுகிற மாணவரை முதலில் பேச வைத்துப் பாருங்கள். பல சமயம் எழுத்துப் பிழைக்குப் பின்னால் இருப்பது இந்த உச்சரிப்புதான். கான்டனீஸ், ஹொக்கியன் பேசிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த மொழிகளில் ம்-இல் முடியும் சொற்கள் உண்டு. கான்டனீஸில் மூன்றுக்கே சாம் என்றுதான் பெயர்.

பதில் 3: கணக்குவழக்கு

வணிகக் கடிதம், அறிக்கை எழுதும் மாணவர்கள் என்றால் பெய்-க்கு அரை மணி நேரம் கொடுத்தே ஆக வேண்டும். மற்றப் பிழைகளில் வாக்கியம் கோணலாகும், அவ்வளவுதான். இதில் தொகை தப்பாகும்.

போன மாதம் 100 பெட்டி விற்றது, இந்த மாதம் 300 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சீனத்தில் இதை ‘ஜெங்ஜியா லஅ லியாங் பெய்’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘இரண்டு பெய் கூடியது’. கூடிய பகுதி 200, அது பழைய அளவைப் போல இரண்டு பங்கு என்று கணக்கு. இதையே ‘ஜெங்ஜியா தாவ் சான் பெய்’ என்றும் சொல்லலாம், ‘மூன்று பெய் வரை கூடியது’. லஅ என்றால் கூடுதலை மட்டும் எண்ணுகிறார்கள், தாவ் என்றால் மொத்தத்தை எண்ணுகிறார்கள். இரண்டும் அதே 300தான்.

இந்த லியாங் பெய்யை மாணவர் ‘இன்க்ரீஸ்ட் டூ டைம்ஸ்’ என்று எழுதுவார். படிக்கிற ஆங்கிலேயர் 200 என்று எடுத்துக்கொள்வார். நூறு பெட்டி காணாமல் போய்விட்டது. உங்கள் பட்டியலில் உள்ள ‘இன்க்ரீஸ்ட் ஒன் டைம்’ இதே வகை. ‘யி பெய்’ கூடியது என்றால் இரட்டிப்பானது, ஆங்கிலத்தில் டபுள்ட்.

ஈப்போ நண்பர் தமிழ் வழி நன்றாகப் பொருந்துகிறது என்றார். தடவைக்கும் நேரத்துக்கும் பொருந்துகிறது, மடங்குக்குப் பொருந்தாது. ‘விற்பனை இரண்டு மடங்கு கூடியது’ என்றால் நம்மில் பெரும்பாலோர் 100 இருந்தது 200 ஆனது என்றுதான் புரிந்துகொள்வோம். சீனருக்கு அது 300. ஆகவே இந்த இடத்தில் தமிழை மனதில் வைத்துத் திருத்தினால் நீங்களே தப்பாகத் திருத்திவிடுவீர்கள்.

பாதுகாப்பான வழி மூன்று அமைப்புகளை மட்டும் பழக்குவது. ஒன்று, டபுள்ட், ட்ரிப்பிள்ட் என்ற வினைகள். இரண்டு, ‘த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்’, அளவுக்கு ‘த்ரீ டைம்ஸ் அஸ் மச் அஸ்’. மூன்று, ‘ரோஸ் ஃப்ரம் 100 டு 300’ என்று இரண்டு எண்ணையும் எழுதிவிடுவது. ‘த்ரீ டைம்ஸ் மோர் தேன்’ வேண்டாம். ஆங்கிலத்திலேயே சிலர் அதை மூன்று பங்கு என்றும் சிலர் நான்கு பங்கு என்றும் படிப்பார்கள்.

குறைவுக்கு டைம்ஸ் பக்கமே போக வேண்டாம். 300 இருந்தது 100 ஆனால் ‘த்ரீ டைம்ஸ் லெஸ்’ என்று எழுதுவதை விட ‘ஃபெல் பை டூ தேர்ட்ஸ்’ என்பது தெளிவு. சீனத்திலும் நல்ல எழுத்தில் குறைவுக்குப் பெய் போட மாட்டார்கள், ‘சான் ஃபென் ஜி அர்’ என்று பின்னமாகச் சொல்வார்கள். இது நம்முடைய ‘மூன்றில் இரண்டு’ மாதிரியே, முதலில் கீழ் எண், பிறகு மேல் எண். ஆங்கிலத்தில் மேல் எண் முதலில். அவசரத்தில் ‘த்ரீ டூத்’ மாதிரி ஏதாவது எழுதிவிடுவார்கள், அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்கலில் வரும் டைம்ஸ் தனிக் கதை. சீனப் பிள்ளைகள் வாய்ப்பாட்டை ‘சான் ஸ் ஷி-அர்’ என்று ஒப்பிப்பார்கள். மூன்று, நான்கு, பன்னிரண்டு, அவ்வளவுதான். நம் ‘மூநான்கு பன்னிரண்டு’ போலவே நடுவில் பெருக்கலுக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் ‘த்ரீ டைம்ஸ் ஃபோர் இஸ் ட்வெல்வ்’ என்று டைம்ஸை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேட்டவர்: மாலைவகுப்பு

மிக்க நன்றி, எல்லாருக்கும். பெய் விஷயம் எனக்கே புதிது. ‘டூ டைம்ஸ்’ என்று எழுதியதை நான் சரி என்று விட்டிருப்பேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, ஆன் டைம், இன் டைம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இரண்டு, ஃபர்ஸ்ட் டைம், எவ்ரி டைம், ‘இட்ஸ் டைம்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வாக்கியம் எப்படித் தொடர வேண்டும் என்பது. இதற்கும் சீனச் சொல் வழியாகப் போகலாமா?

பதில் 4: ஈப்போ ட்யூஷன்

முதலாவதுக்குப் போகலாம். ஆன் டைம் என்பது ஜுன்ஷி, குறித்த நேரத்துக்குச் சரியாக. இன் டைம் என்பது லாய்தஜி, அதாவது காரியம் கெடுவதற்குள். எட்டு மணி ரயில் எட்டு மணிக்குக் கிளம்பினால் ரயில் ஆன் டைம். நீங்கள் ஏழு ஐம்பதுக்கு நடைமேடைக்கு வந்துவிட்டால் நீங்கள் இன் டைம். சீனத்தில் ஜிஷி என்றும் ஒரு சொல் உண்டு. அதை அகராதிகள் இன் டைம் என்று போடும், ஆனால் அலுவலகக் கடிதத்தில் ‘ஜிஷி பதில் போடுங்கள்’ என்றால் தாமதிக்காமல் என்று பொருள். அதை ‘ப்ளீஸ் ரிப்ளை இன் டைம்’ என்று எழுதினால், எதற்குள் என்ற கேள்வி தொங்கி நிற்கும். ‘ப்ராம்ப்ட்லி’ என்றோ ‘பை ஃப்ரைடே’ என்றோ எழுதச் சொல்லுங்கள்.

ஷென்ம ஷிஹோவ், ஜி தியென் இரண்டையும் இதே மூச்சில் முடித்துவிடலாம். முன்னது வென், எப்போது. பின்னது வாட் டைம், எத்தனை மணிக்கு. கல்யாணம் எப்போது என்று கேட்கப் போய் ‘வாட் டைம் வில் யூ மேரி’ என்று கேட்டால் முகூர்த்த நேரம் கேட்டதாகிவிடும்.

சம்டைம்ஸ் குடும்பத்துக்குச் சீன வகுப்பறைகளில் ஏற்கெனவே ஒரு வாய்ப்பாடு உண்டு. மாணவர்களையே ஒப்பிக்கச் சொல்லுங்கள். சாரம் இதுதான்: சம், டைம் இரண்டையும் பிரித்து எழுதினால் கொஞ்ச நேரம், சேர்த்து எழுதினால் ஏதோ ஒரு நாள். எஸ் போட்டுப் பிரித்தால் சில தடவை, எஸ் போட்டுச் சேர்த்தால் சில சமயம்.

பதில் 5: எழுத்தும்ஒலியும்

இரண்டாவது சந்தேகத்தில் ஈப்போ நண்பரிடம் இருந்து சற்று விலகுகிறேன். வாக்கியத்தை இணைக்கும் இடங்களில் சீனச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் பிழை கூடும், குறையாது. ‘மெய் ட்ஸ் ... த ஷிஹோவ்’ என்று சீனத்தில் முன்னால் ‘ஒவ்வொரு தடவையும்’, பின்னால் ‘போது’ இரண்டும் சேர்ந்தே வரும். அதில் இருந்துதான் ‘எவ்ரி டைம் வென்’ பிறக்கிறது. ஆங்கிலத்தில் எவ்ரி டைம் தானே இணைப்புச் சொல். பின்னால் நேராக வாக்கியம் வர வேண்டும்: எவ்ரி டைம் ஐ கோ தேர், இட் ரெய்ன்ஸ். ‘போகும்போதெல்லாம்’ என்று தமிழில் ஒரே சொல்லில் முடிப்பது போல. சாதாரண ஷிஹோவ் வந்தால் டைமே வேண்டாம், வென் போதும். ‘வோ ஷியாவ் த ஷிஹோவ்’ என்பது ‘வென் ஐ வாஸ் லிட்டில்’, ‘வென் ஐ வாஸ் எ சைல்ட் டைம்’ இல்லை.

ஃபர்ஸ்ட் டைம் மூன்று வடிவில் வரும், மூன்றையும் தனித்தனியே பழக்க வேண்டும். ‘த ஃபர்ஸ்ட் டைம் ஐ சா ஹிம், ஐ தாட்...’ என்பதில் அது இணைப்புச் சொல், ஃபார் வராது. ‘ஐ சா ஸ்னோ ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்’ என்பதில் அது தனித்து நிற்கும், பின்னால் வாக்கியம் வராது. ‘திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் ஐ ஹேவ் ஈட்டன் மேங்கோ’ என்பதில் ஹேவ் கட்டாயம். இஸ் வாஸ் ஆனால் ஹேவ் ஹேட் ஆகும். சீனத்தில் மூன்றுக்கும் ‘தி யி ட்ஸ்’ என்ற ஒரே சொல், வினையும் மாறாது. அதனால் சீன வாக்கியம் இங்கே எதையும் பிரித்துக் காட்டாது. ஃபார் இருந்தால் அடுத்து முற்றுப்புள்ளியோ கமாவோ, ஃபார் இல்லாவிட்டால் அடுத்து ஆள் என்று சொல்லிக்கொடுப்பது வேலை செய்கிறது.

‘இட்ஸ் டைம்’ மட்டும் விதிவிலக்கு, அங்கே சீனம் உண்மையிலேயே கைகொடுக்கும். ‘இட்ஸ் டைம் வீ லெஃப்ட்’ என்று எழுதினால், இனிமேல்தானே போகப் போகிறோம், ஏன் இறந்தகாலம் என்று கேட்பார்கள். அவர்கள் மொழியில் இதற்கு ‘காய் ட்ஸோவ் லஅ’ என்கிறார்கள். முடிந்த செயலோடு வருகிற அந்த லஅ, இன்னும் நடக்காத புறப்பாட்டிலும் உட்கார்ந்திருக்கிறது. இலக்கணக்காரர் அது நிலைமாற்றத்தைக் காட்டும் வேறு லஅ என்பார். வகுப்பில் நினைவுக் கொக்கியாக அது போதும். தமிழிலும் ‘கிளம்பற நேரமாச்சு’ என்று இறந்தகாலத்தில்தான் சொல்கிறோம். இது தயக்கமாக இருப்பவர்களுக்கு ‘இட்ஸ் டைம் டு லீவ்’ எப்போதும் சரி.

பதில் 6: ஈப்போ ட்யூஷன்

ஒப்புக்கொள்கிறேன், இணைப்புச் சொற்களுக்கு உங்கள் வழிதான் சரி. சீனச் சொல்லை வைத்துப் பிரிப்பது பெயர்ச்சொல்லாக வரும் டைமுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மாலைவகுப்பு, உங்கள் வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் இப்படிப் போகலாம். முதல் பத்து நிமிடம் ஆங்கிலமே வேண்டாம். ஷிஜியன், ட்ஸ், பெய், தியென், ஷிதாய் என்று ஐந்து பத்தி போட்டு, ஆளுக்கு நான்கு சீன வாக்கியம் எழுதிப் பொருத்தச் சொல்லுங்கள். அடுத்த இருபது நிமிடம் அதே வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதட்டும். எஸ் உண்டா, எ உண்டா என்ற இரண்டை மட்டும் திருத்துங்கள், வேறு பிழை கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் பெய் மட்டும், வார்த்தையில்லாமல் எண்களைக் கொடுத்து: 50இல் இருந்து 100, 50இல் இருந்து 150, 150இல் இருந்து 50. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைப் படித்து எண்ணைத் திரும்ப எழுத வேண்டும். எண் மாறி வந்தால் வாக்கியம் தப்பு, நீங்கள் விளக்கவே தேவையில்லை. மீதி நேரம் உச்சரிப்புக்கு.

ஃபர்ஸ்ட் டைம், எவ்ரி டைம், இட்ஸ் டைம் மூன்றையும் அதே நாளில் தொடாதீர்கள். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாம் கொட்டினால் ஷிஹோவும் ட்ஸும் மறுபடி கலந்துவிடும்.